ஃபெமினா சாப்பிடுகிறாள்

ஒரு குண்டான் சோற்றையும் ஒரு சட்டிக் கோழிக்குழம்பையும் செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்து வழித்துத் தின்று முடித்து, ஃபெமினா கை கழுவப் போகையில், தை மாதம் சோப்பு போட்டு ஏற்றிய வளையல் தானாகக் கழன்று தொட்டிக்குள் விழுந்ததை லியோன் பார்த்தான்.

"எளைச்சுட்டியா புள்ள?"

"இம்புட்டுத் திங்கிறேன், எளைப்பேனா?" என்று சிரித்தாள். பல்லிடுக்கில் கறி நார் தொங்கியது. கட்டிய புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் பகலெல்லாம் ஸ்கூல் வேன் ஓட்டப் போய்விடுவான். ஆவூர் வீட்டில் ஒண்டியாய்ச் சாப்பிடப் பிடிக்காமல்தான் அவள் போனை எதிரே சாய்த்து வைத்து, லைவில் நாலு பேரோடு பேசிக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். அந்த நாலு பேர் பெருகிப் பெருகி இப்போது எத்தனை ஆயிரம் என்று அவனுக்கே தெரியாது. அவர்கள் கேட்கக் கேட்க அவள் ஈரல், குடல், தலைக்கறி என்று தின்றாள். எலும்பை உறிஞ்சும் சத்தமும், கொழுப்பு நாக்கில் வழுக்கும் சத்தமும், மென்றது தொண்டையில் இறங்கும் சத்தமும் அவர்களுக்குத் துல்லியமாகக் கேட்க வேண்டுமென்று வாயருகே ஒரு குட்டி மைக். பழைய எண்ணெயும் கறிக்கவிச்சியும் சேர்ந்து தலையணை உறை வரைக்கும் ஊறிப்போன நாற்றம். சீ! பெண்டாட்டியைப் பார்த்தே குமட்டுகிறதே என்று அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒருநாள் கமெண்டுகளைப் படித்துப் பார்த்தான். 'நீங்க சாப்பிட்டா எனக்கு வயிறு நெறைஞ்சிருதுக்கா.' 'நான் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, பசியே இல்லக்கா.' ஆளாளுக்கு அதையேதான் எழுதியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு மரிய செல்வி வேலிக்கு அங்கிட்டு நின்று மெதுவாகச் சொன்னாள். "நாலு கண்ணு பாக்கத் தின்னாலே ஒடம்புல ஒட்டாதும்பாங்க தம்பி. இவ ஒலகமே பாக்கத் திங்கிறா. யாருக்குப் போவுது அந்தச் சோறு? நிப்பாட்டச் சொல்லுங்க."

அன்று தூக்கத்தில் ஃபெமினாவின் தாடை அசைவதைப் பார்த்தான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தாள். முதுகைத் தொட்டால் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. இப்படியே விட்டால் இவள் தனக்கு மிஞ்சமாட்டாள் என்று அவனுக்குப் பட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று ஆவூரில் எந்த அடுப்பிலும் கறி வேகாது. எல்லாருக்கும் ஒருசந்தி, சாயங்காலம் கோவிலில் ஊற்றும் கஞ்சிதான் சாப்பாடு. சின்ன வயதிலிருந்து அவளும் அந்த நோன்பை மீறியதில்லை. நல்ல சமயம் என்று லியோன் ஃப்ரிட்ஜிலிருந்த கறியைத் தெருநாய்களுக்குப் போட்டான். அரிசி வாளியை வேனில் ஏற்றிப் பூட்டினான். ஊறுகாய் ஜாடியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"இன்னைக்கு லைவு வேணாம். ஒருநா பசியா இரு புள்ள, எல்லாஞ் சரியாயிரும்."

"நான் இருந்துருவேங்க" என்றாள். போனைப் பார்த்தாள். "அவங்க இருக்க மாட்டாங்க."

அவன் போனை எடுக்கக் கை நீட்டினான்.

"கோவிலுக்கு நடக்கத் தெம்பில்லங்க. சாமியார் போடுற சிலுவைப்பாதைய இதுலயாச்சும் பாத்துக்கிறேனே."

அதற்கு மேல் அவனுக்கு மனசு வரவில்லை. போனை அவளிடமே விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனான்.

சிலுவைப்பாதை பாதி நடந்திருக்கும். முன்னால் முழந்தாளிட்டிருந்த பெண் முக்காட்டுக்குள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாடை அசைந்தது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, வயிறு நிறைய உண்டவளைப் போல் ஏப்பம் விட்டாள். ஒருசந்தி நாளில்! லியோன் எட்டிப் பார்த்தான். அவள் மடியில் போன். போனில் அவன் வீட்டுச் சுவர்.

ஓடினான்.

கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் லைவ் விளக்கின் வெள்ளை வெளிச்சம். உள்ளே மெல்லும் சத்தம்.

ஃப்ரிட்ஜ் காலி. அரிசி வேனில். என்னத்தைத் தின்கிறாள்?

நாற்றம் வந்தது. மசாலா இல்லை. எண்ணெய் இல்லை. பச்சைக் கவிச்சி.

தள்ளினான்.

பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் இலை. இலை முழுக்க ரத்தம். மைக் நனைந்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. எதையோ பல்லுக்குப் பல் மாற்றிக் கடித்தாள். மொறுக்கென்றது.

"ஃபெமி..."

விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. போனில் கமெண்டுகள் ஓடின. 'சூப்பர்க்கா.' 'நெறைஞ்சிருச்சுக்கா.' 'அண்ணன் வந்துட்டாரு போல. அவரையும் உக்காரச் சொல்லுங்க.'

அவள் அதைப் படித்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க, உக்காருங்க" என்று பாயைத் தட்டினாள். தட்டிய கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.