ஜரிகைப் பெட்டியில் உப்பு

எங்கள் தெருவின் உப்புப் பஞ்சத்தைத் தீர்த்தது நான்தான். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெருமைதான்.

2005ஆம் வருஷ மழையில் காஞ்சிபுரத்து ரோடெல்லாம் வெள்ளம். "இனி உப்பு லாரி வராதாம்" என்று யாரோ சொன்னார்கள். அன்று மதியமே ஆதிகேசவன் மாமா கடையில் உப்பு காலி.

எங்கள் அப்பா குமாரவேல் ஆறு பாக்கெட் வாங்கிவிட்டார். எங்களுக்கு மாதம் ஒன்றே போதும். வீட்டில் ஒழுகாத இடம் தறி அறை. அதிலும் பத்திரமான இடம் ஜரிகைப் பெட்டி. ஆறையும் அதற்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் சாயங்காலம் அங்கம்மாள் அத்தை வந்தார். தெருமுனையில் இட்லி விற்பவர். தினமும் விற்ற காசில்தான் மறுநாளுக்கு வேண்டியதை வாங்குவார்.

"குமாரவேலு, உப்பு இருக்குதாப்பா? மாவுல போட ஒரு கல்லு இல்ல. மழையில நாலு நாளா வியாபாரம் இல்ல. நாளைக்கும் கடை போடலன்னா புள்ளைங்க பட்டினிதான்."

அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க வூட்லயும் இல்லக்கா."

அத்தை போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன்.

"அப்பா, உப்பு வேர்த்துக்கினு இருக்குது."

அப்பா துள்ளி எழுந்தார். ஈரம் பட்டால் ஜரிகை கறுத்துவிடும். நல்லவேளை, ஓரத்தில் மட்டும்தான் ஈரம்.

"கடையில எத்தினி பாக்கெட்பா இருந்துச்சு?"

"நாப்பது இருக்கும்."

"நம்ம தெருவுல முப்பத்தாறு வூடு. வூட்டுக்கு ஒண்ணு வாங்கியிருந்தா அத்தைக்கும் கெடைச்சிருக்கும். ஆறாறா வாங்கினா ஏழாவது வூட்டோட கடை காலிப்பா."

அப்பா ஒன்றை எங்களுக்கு எடுத்து வைத்தார். இன்னொன்றைத் தாமே அத்தையிடம் கொண்டு போனார். மீதி நாலையும் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என் பையில் போட்டார்.

நான் கடைக்குப் போகும் வழியெல்லாம் குரல் கொடுத்தேன்.

"தறிகிட்ட உப்பு வெச்சிருக்கீங்களா? எங்க வூட்டு உப்பு வேர்த்துடுச்சு. ஜரிகைய பாருங்க."

ஒவ்வொரு வீடாகத் தறிச்சத்தம் நின்றது. எங்கள் அப்பாவைப் போலவே எல்லாருக்கும் அந்த ஒரே இடம்தான் தோன்றியிருக்கிறது. விளக்கு வைப்பதற்குள் முப்பது பாக்கெட் கடைக்குத் திரும்பிவிட்டது.

"மாமா, வூட்டுக்கு ஒண்ணுன்னு எழுதி வைங்க" என்றேன்.

"நீயே எழுதும்மா" என்று சாக்பீஸை நீட்டினார் மாமா.

மறுநாள் காலையில் இட்லிக் கடையில் ஒரே கூட்டம். அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்.

"அக்கா, முந்தாநேத்து வாங்கின உப்பு என்கிட்ட இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன். எம் பொண்ணு கீர்த்திதான் எனக்குப் புத்தி சொன்னா."

தாம் நெய்த சேலையைக்கூட அப்பா இத்தனை சத்தமாகப் புகழ்ந்ததில்லை.