காசி திறந்து வைத்த கோப்பு

நவம்பர் 13, புதன். நேற்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சைரன் வரியைச் சோதித்தபோது அலறல் தாங்காமல் அதன் முன்னால் ஒரு # போட்டேன். # போட்ட வரியைக் கணினி தாண்டிப் போய்விடும். அதை எடுக்க மறந்துவிட்டேன். எனக்கு ஏன் எப்போதும் இப்படி?

கிறிஸ்டினா டைரியை மூடிவிட்டு, லினக்ஸ் வகுப்பின் மூலைக் கணினியில் உட்கார்ந்தாள். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய மாடி. வெளியே மழை இருட்டு. பகலில் அவள் கணக்கெழுதும் தோல் பதனிடும் டேனரியில், கழிவுநீர்த் தொட்டியருகே ஒரு சின்னக் கணினி உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை விஷவாயுவை அளந்து, அளவு மிஞ்சினால் சைரனை அலறவிடும். அதற்கான நிரல் அவள் எழுதியது. இங்கிருந்தே திறந்து திருத்தலாம். நாளைக் காலையில் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கப் போகிறவன் அவளுடைய அண்ணன் ஆல்வின்.

அந்த # குறியை எடுக்க, விம் எடிட்டரில் நிரல் கோப்பைத் திறந்தாள்.

எச்சரிக்கை வந்தது. இந்தக் கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார். பயனர் பெயர், காசி.

போன வருஷம் அதே தொட்டியில் மூச்சடைத்து இறந்த பம்ப் ஆபரேட்டர். அவருடைய பயனர் கணக்கை யாரும் அழித்திருக்கவில்லை.

“சார்…”

ஆசிரியர் தௌசீப் அகமது எட்டிப் பார்த்தார். “பழைய ஸ்வாப் ஃபைல்மா. ஃபைல் திறந்திருக்கறப்ப கரண்ட் போனா இப்டித்தான் தங்கிடும். இதுக்குப் போயி பேஜாராவுறியே.”

“இப்பவும் ஓடிட்டிருக்குன்னு போட்டிருக்கு சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

செல்போன் அடித்தது. ஆல்வின்.

“கழிவு அள்ளுற லாரி இன்னிக்கே வந்துட்ச்சி. இப்பவே எறங்கிட்றேன்.”

“வேணாம்ணா! சைரன்…”

“அதான் உன் சைரன் இருக்குதே, இன்ஜினீயரம்மா! கத்துனா ஏறி வர்றேன்.”

சட்டையைக் கழற்றி எங்கோ மாட்டும் சரசரப்பு. போனை அணைக்காமல் அந்தச் சட்டைப் பாக்கெட்டிலேயே விட்டிருந்தான். இரும்பு ஏணியில் கால் பட்டது.

டங்.

“அண்ணா! எறங்காத!”

டங்.

விசைகளைத் தட்டினாள். திரை அசையவில்லை. அடைத்த ஜன்னல்களைத் தாண்டி அழுகிய முட்டையின் நாற்றம் அறைக்குள் வந்தது. தொட்டியின் நாற்றம். தொண்டையில் இறங்கி எரிந்தது.

பிறகு, சட்டென்று, நாற்றமே இல்லை.

தொட்டியில் அப்படி ஆனால், வாயு மிஞ்சி மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம்; ஓடிவிட வேண்டும் என்பார்கள்.

டங்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

கர்சர் நகர்ந்தது.

புதிதாகப் படிக்கிறவன் விரல் வைத்து வாசிப்பதுபோல, வரி வரியாக, நின்று நின்று இறங்கியது. சைரன் வரியில் நின்றது.

# மறைந்தது.

திரையின் அடியில் :w என்று எழுத்து விழுந்தது. சேமிக்கும் கட்டளை.

போனுக்குள் சைரன் அலறியது. ஏணியில் காலடிகள் தடதடவென்று மேலேறின. நீண்ட இருமல்.

“கிறிஸ்டி…” ஆல்வினின் குரல் உடைந்து வந்தது. “ஏறிட்டேன். கண்ணு இருட்டிட்ச்சி. இன்னும் ரெண்டு படி எறங்கியிருந்தா…”

அவள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

“இது யாரு எழுதுனது?” என்றார் தௌசீப், கிசுகிசுப்பாக.

சைரன் வரிக்குக் கீழே ஒரு புது வரி இருந்தது.

# நான் கத்துனது யாருக்கும் கேக்கல.

கோப்பை மூடித் திறந்தாள். அதே எச்சரிக்கை. இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் டைரியில் எழுதினாள்:

நாளைய வேலை. தொட்டியில் இனி ஆள் இறங்கக் கூடாது என்று மேனேஜரிடம் சொல்ல வேண்டும். காசி அண்ணனின் பயனர் கணக்கை அழித்துவிடச் சொல்கிறார் சார். அழிக்கக் கூடாது.