ஆளில்லாத வீடுகளுக்கு விளக்கு

காலையில் எழுந்தான். காபிக்குத் தண்ணீர் வைத்தான். சோள மாவு அடை இரண்டு பொரித்தான். ஒன்று மகளுக்கு, ஒன்று தனக்கு. நான்கு வயது மிலெனாவுக்குத் தலை பின்னினான். வகிடு கோணலாக வந்தது. அப்படியே விட்டான். அவளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, குப்பைப் பையைத் தொட்டியில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தபோது, அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கோபுரத்தின் உச்சி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எர்னான் அதைப் போடவில்லை.

விளக்குப் போடுவதுதான் அவன் வேலை. பனாமா நகரத்துக் கடலோரத்தில் அந்த மாதிரிக் கோபுரங்கள் நிறைய. வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டு மறந்த வீடுகள், விற்காத வீடுகள். ஒருவர்கூட உள்ளே நின்று தும்மியிராத வீடுகள். இரவில் அவை சொத்தைப் பல் மாதிரி கறுத்து நின்றால் புதிதாக யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், கட்டிய கம்பெனி ஒரு ஆளை வைத்திருந்தது. மாலையில் சில வீடுகளைத் திறந்து விளக்கைப் போட வேண்டும். காலையில் அணைக்க வேண்டும். எதிரே இதைவிட உயரமான இன்னொரு கோபுரம், அதன் உச்சியில் ஓர் உணவகம். வாங்க வருகிறவர்களை அங்கே உட்காரவைத்து, கையில் கிளாஸைக் கொடுத்து, ஜன்னல் வழியாக இந்த வெளிச்சங்களைக் காட்டுவார்கள். அவர்களும் நம்புவார்கள். டாக்டர்கள், வக்கீல்கள். பல்பைப் பார்த்துவிட்டுக் குடும்பம் என்று நம்புகிற படித்தவர்கள்.

முன்பு அந்த வேலையை அவன் மனைவி டைரா பார்த்தாள். அதற்காக நடு மாடியில் ஒரு வீட்டை வாடகையில்லாமல் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோபுரத்தில் குடியிருந்தது அவர்கள் மட்டும்தான். மழைக்காலத் தொடக்கத்தில் டைராவுக்கு டெங்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். சாவிக்கொத்து எர்னானிடம் வந்தது. பொருளாதாரம் படித்தவன். வேறு போக்கிடம் இல்லை.

லிஃப்டில் ஏறி உச்சி வீட்டைத் திறந்தான். மூடியே கிடக்கும் அறைகளுக்கென்று ஒரு வாடை உண்டு. ஈரம் காயாத சிமென்ட், கதவுகளில் இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் தாள், குளியலறைக் குழாய் வழியே ஏறி வரும் சாக்கடைக் காற்று, மூலைகளில் மல்லாந்து செத்த கரப்பான்கள் எல்லாம் சேர்ந்து நாக்கின் அடியில் படியும் வாடை. அன்று அதற்குள் இன்னொன்றும் இருந்தது. சற்று முன்புவரை யாரோ அங்கே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த வெதுவெதுப்பு. அண்ணாந்து பார்த்தான். பல்பு இல்லை. வெறும் ஹோல்டர் தொங்கியது. அதில் யாரும் எப்போதும் பல்பு மாட்டியதில்லை. சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்தது.

அணைத்தான். பூட்டினான். கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அன்று காலை வெயிலே இல்லை.

மதியம் விற்பனை மேலாளர் தோன் ரமிரோ போன் செய்தார்.

"இன்னிக்கு நீயும் மேல சாப்பிட வர்றே. கோட்டு இருக்கா?"

"சாவுக்கு எடுத்தது இருக்கு, சார்."

"போதும். கறுப்பு எதுக்கும் பொருந்தும். மெடெயின் ஊர்லேர்ந்து ஒரு பல் டாக்டர் சம்சாரத்தோட வர்றார். அங்க குடியிருக்கிறவங்க யார்கிட்டயாவது பேசணுமாம். குடியிருக்கிறவன் நீதான்."

"நான் மட்டும்தான், சார்."

"அதைச் சொல்லித் தொலைக்காதே. இன்னொண்ணு. பொண்டாட்டி செத்துட்டான்னு வாயைத் திறக்காதே. சாவு விழுந்த வீடு இருக்கிற கட்டடத்துல எவன் காசைப் போடுவான்? வீட்டுல இருக்கான்னு சொல்லு. அது பொய் இல்ல. ஒரு நாகரிகம்."

மாலையில் வழக்கமான வீடுகளுக்கு விளக்குப் போட்டான். உச்சி வீட்டின் பக்கம் போகவில்லை. மிலெனாவைப் பார்த்துக்கொள்ள டைராவின் தங்கை யாமிலெத் வந்தாள். கோட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"என்ன மச்சான், மறுபடி சாவு வீட்டுக்கா?"

"விருந்துக்கு."

"ரெண்டுக்கும் உனக்கு ஒரே மூஞ்சிதானே. போ, போ."

உணவகத்துக்கு ஏறும் லிஃப்டில் காது அடைத்தது. கதவு திறந்ததும் குளிர்ந்த காற்றும் வாசனைத் தைலமும் எலுமிச்சையும் ஒன்றாக முகத்தில் அடித்தன. நகரம் நன்றாகத் தெரிவதற்காக உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, மதுக்கூடத்தின் பாட்டில்களுக்குப் பின்னால் மட்டும் ஒரு நீலத்தை எரியவிட்டிருந்தார்கள்; அந்த நீலத்தில் எல்லார் பல்லும் எல்லார் கண்ணின் வெள்ளையும் தனியாக மிதந்தன. தரைக்கு அடியிலிருந்து ஏதோ இசை மெத்து மெத்தென்று உள்ளங்காலில் இடித்தது. ஒருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலோடு சேர்த்துத் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாழைக்காயைத் தட்டிப் பொரித்து, அதன்மேல் ஒரே ஓர் இறாலைப் பிரார்த்தனை செய்வதுபோல நிறுத்தி, பக்கத்தில் ஒரு பூவை வைத்துக் கொண்டுவந்தார்கள். தெருவில் அள்ளித் தின்கிற பண்டம். டாக்டர் ஓசோரியோ அதைக் கத்தியால் நான்காக வெட்டினார்.

"அருமை," என்றார். நான்கு முறையும்.

தோன் ரமிரோ கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். "நடுவுல கொடி கட்டின பால்கனி தெரியுதா டாக்டர்? அதான் நம்ம எர்னான் வீடு. குடும்பமா வாழற இடம். சொல்லுய்யா."

"ஆமா. நல்ல காத்து."

"சம்சாரத்தைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் டாக்டரின் மனைவி. கை நிறைய மோதிரம். குரல் மட்டும் இனிமை.

எர்னான் தண்ணீர் குடித்தான். தோன் ரமிரோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இருக்கா," என்றான்.

"தனியாவா?"

"பாப்பாகூட."

எதிரே, உச்சி வீட்டில் விளக்கு எரிந்தது.

"பாருங்க, யாரோ வேலை முடிஞ்சு வந்துட்டாங்க," என்றார் தோன் ரமிரோ, மேஜைக்கடியில் எர்னானின் காலை மெல்ல மிதித்தபடி. அது பாராட்டு. வேறு ஆளை ஏற்பாடு செய்துவைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்.

எர்னான் கோட்டுப் பைக்குள் கைவிட்டான். சாவிக்கொத்து அங்கே இருந்தது. எல்லாச் சாவியும்.

உச்சி வீட்டு விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் இருட்டு. அதற்கு நேர் கீழ் வீட்டில் விளக்கு வந்தது. அணைந்தது. மறுபடி இருட்டு. அதற்கும் கீழே வந்தது. டாக்டர் தன் மூன்று கிளினிக்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இருட்டின் நீளம் எர்னானுக்குத் தெரியும். டைரா லிஃப்டில் இறங்கமாட்டாள். படியில்தான் வருவாள். ஒரு மாடி இறங்கி, கொத்தில் சாவியைத் தேடி, கதவைத் தோளால் தள்ளி, சுவரைத் தடவி சுவிட்சைக் கண்டுபிடிக்கும் நேரம். கல்யாணமான புதிதில் அவன் கீழே தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் நாக்கைத் துருத்துவாள்.

நேர் கோட்டில் இறங்கியது. அந்தக் கோட்டில்தான் அவன் வீடு.

எழுந்தான். "ஒரு நிமிஷம், பாப்பாகிட்ட..."

"உக்காருய்யா," என்று தோன் ரமிரோ சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தார். "இப்பதான் மீன் வருது."

கையை உதறிக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினான். பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் எங்கோ கீழே கிடந்தது. உள்ளே போய்விட்டால் போன் எடுக்காது. கோபுரமும் தெரியாது. இறங்கி, சாலையைக் கடந்து, அங்கே ஏறும்வரை எதுவும் தெரியாது. திரும்பிக் கண்ணாடிக்கே வந்தான். போன் செய்தான்.

"பாப்பா தூங்கிட்டாளா?"

"எப்பவோ," என்றாள் யாமிலெத். "ஏன் குரல் நடுங்குது? ஓசின்னு ஊத்திக்கிட்டியா?"

"வீட்டுல விளக்கு?"

"அணைச்சாச்சு. டிவி மட்டும் ஓடுது. ஏன் மச்சான், மேல் வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்களா? சொல்லவேயில்ல. யாரோ வெறுங்கால்ல நடக்கிற மாதிரி இருக்கு."

மேல் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய வா. இப்பவே."

"தூங்கற புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க வர்றது? எங்கக்கா சாகறப்ப உங்கிட்ட என்ன சொன்னா? பாப்பாவைப் பாத்துக்கன்னுதானே? இதான் நீ பாத்துக்கற லட்சணமா? நீ அங்க இறால் தின்னுட்டு எங்களை நடுராத்திரி ஓடச் சொல்லுவியா?"

அவன்தான் அப்படிச் சொல்லியிருந்தான். சாவுக்குப் பிறகான ஒன்பது நாள் ஜெபத்துக்கு வந்தவர்கள், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

மேல் வீட்டு விளக்கு அணைந்தது.

"யாமிலெத். ஓடு."

"இரு. கதவுல சாவி சத்தம். நீயா?" அவள் சிரித்தாள். "வாசல்ல நின்னுக்கிட்டே போன்ல பயமுறுத்தறியா? வா உள்ள, உன்னை வச்சுக்கறேன்."

சாவிக்கொத்து அவன் கைக்குள் இருந்தது. இறுகப் பிடித்ததில் தோல் கிழிந்தது.

"நான் இல்ல. திறக்காதே."

"நான் எங்க திறக்கறேன்? அதுவா..."

பேச்சு நின்றது. டிவி ஓடியது. யாரோ ஒரு பெண் டிவியில் அழுதாள். வெறுங்கால் நடந்தது. நிதானமாக. சுவரைத் தடவும் சத்தம். பிறகு மிலெனாவின் குரல். தூக்கக் குரல். சந்தோஷக் குரல்.

"அம்மா!"

போன் அடங்கியது.

அவன் அன்று மாலை போட்ட விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன. கோபுரம் முழுக்க இருட்டு. நடுவில் ஒரே வீடு. அவன் வீடு. அதுமட்டும் எரிந்தது.

பால்கனிக் கதவு திறந்தது.

ஒரு பெண். இடுப்பில் மிலெனா. ஆஸ்பத்திரியின் வெளிர்நீல அங்கி. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியக்கூடாது. தெரிந்தது. அவள் எந்த ஜன்னலையும் தேடவில்லை. நேராக அவனைப் பார்த்தாள். யாமிலெத் எங்கும் இல்லை.

"அட, உங்க சம்சாரமா?" டாக்டரின் மனைவி எழுந்து கண்ணாடிக்கு வந்தாள். "குழந்தை டாட்டா காட்டுது பாருங்க! நமக்குத்தான்!"

அவள் கையாட்டினாள். டாக்டரும் ஆட்டினார். பக்கத்து மேஜைக்காரர்களும் எழுந்து வந்து ஆட்டினார்கள். ஒருவன் படம் எடுத்தான். தோன் ரமிரோ கிளாஸைத் தூக்கினார். "குடும்பம்னா இதான் டாக்டர். இதைக் காசு குடுத்து வாங்க முடியுமா? வாங்கலாம். அதுக்குத்தானே வந்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

எர்னான் கண்ணாடியை அறைந்தான். தடித்த கண்ணாடி. சத்தமே வரவில்லை.

டைரா மிலெனாவைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றினாள். நிற்கவைத்தாள். குழந்தை இரண்டு கைகளையும் ஆட்டியது. டைரா தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது பாப்பாவைப் பார்த்துக்கொள் என்பது அல்ல. தன்னைப் பிடித்திருந்த அவன் கையைத் தள்ளிவிட்டாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள். தெளிவாகத்தான் சொன்னாள்.

"அவளை உங்கிட்ட விட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சியா?"