முக்கில் நின்றவள்

"முக்குல நிக்கச் சொன்னா நிக்க மாட்டியா நீ?"

"நின்னேன். நீ வந்து நின்னப்புறம்தான் நான் கிளம்பினதே..."

"நான் எங்கடி வந்தேன்? இங்கேருந்து எழுந்திருக்கவே இல்ல."

கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஆரஞ்சு ஹெல்மெட். எதிரே, அதே நிற ஹெல்மெட்டோடு, ஸ்கூட்டரை விட்டு இன்னும் இறங்காமல் லேப்காரி. அவள் தோழி; ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூன்றாவது ஹெல்மெட் தையல்காரியின் தங்கை தலையில் இருந்தது. அவள் இன்னும் வந்து சேரவில்லை.

காலையில் ஒரே கடையில் மூன்று ஸ்கூட்டர்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலோர ஊர்களைப் பார்க்கக் கிளம்பியவர்கள். தங்கை வண்டி பழகி இரண்டு மாதம்தான். பயமாயிருக்கு, வரலை என்றவளை, நான் இருக்கேன்ல என்று இழுத்து வந்தது அக்காதான். ஏற்பாடும் அவளுடையதே. அவள் முன்னால் போவாள். பாதை பிரிகிற முக்கில் லேப்காரி நின்று, தங்கை வந்ததும் போகவேண்டிய பக்கம் கை காட்ட வேண்டும். தங்கை கேள்வி கேட்க மாட்டாள். காட்டிய பக்கம் திரும்புவாள்.

முதல் ஊரிலேயே லேப்காரி, உன் தங்கச்சி வந்து சேர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் என்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. அதோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. அந்த ஊரில் ஒரு பெண் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டச் சொன்னாள். இரண்டாவது ஊரிலும் அதே பேச்சு, இன்னும் கடுப்பாக. சிரித்துக்கொண்டே கழற்றினார்கள்.

இந்த மூன்றாவது ஊருக்குத் திரும்புகிற முக்கில் வெயில் தாங்காமல், ஒரு இடிந்த சுவரின் மறைவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாளாம் லேப்காரி. எழுந்து வந்தால் தான் நின்ற இடத்தில் ஆரஞ்சு ஹெல்மெட். முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையை நீட்டியபடி. என்னை நம்பாமல் இவளே திரும்பி வந்துவிட்டாள், வாய்விட்டுச் சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று கறுவிக்கொண்டே கிளம்பிவிட்டாளாம்.

"கை எந்தப் பக்கம் நீட்டியிருந்துச்சு?"

"உன் மூஞ்சியப் பார்க்கவே பிடிக்கல. கைய எங்க பார்க்கிறது?"

சற்றுத் தள்ளி வலை தைத்துக்கொண்டிருந்த கிழவர் ஊசியை நிறுத்தினார்.

"தண்ணி சொட்டிச்சா?"

லேப்காரி யோசித்தாள். முக்கில் நின்றவளின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வியர்வை என்றுதான் நினைத்தாளாம்.

கிழவர் எழுந்தார். வலையைச் சுருட்டினார். வீட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அடுத்த வீட்டிலும்.

அதற்கடுத்த வீட்டிலும்.

இருவரும் ஒரே வண்டியில் முக்குக்குப் பறந்தார்கள். உச்சி வெயில். காற்றில் அழுகிய பாசி வாடை. தார் கொதித்துக் கிடந்தது.

நடுவில் மட்டும் ஈரம்.

இரண்டு வெறுங்கால் தடங்கள். அத்தனை வெயிலிலும் காயாமல். விரல்கள் வலப்பக்கம் பார்த்திருந்தன. அந்தப் பாதை பழைய மரப் படகுத்துறைக்குப் போவது. பாதித் துறையைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது என்று காலையில் வண்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கமே வண்டியை விரட்டிக்கொண்டு போனாள் லேப்காரி. பின்னால் உட்கார்ந்து தையல்காரி போன் போட்டாள். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டியிருந்த தங்கை நான்காவது மணியில் எடுத்தாள். வண்டிச் சத்தம். அதற்கு அடியில், மிக அருகில், அலை.

"என்னக்கா இது, கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டே போன் பண்றே?"

"எங்கடி இருக்கே? வண்டிய நிறுத்து."

"காத்துல ஒண்ணும் கேக்கல. நீ கை காட்டின பக்கம்தானே வந்துட்டிருக்கேன். நீ பாட்டுக்குத் தள்ளித் தள்ளிப் போறே."

"அது நான் இல்ல. நில்லுடி. அங்கேயே நில்லு."

பலகைகள் மேல் சக்கரம் உருளும் சத்தம். ஒவ்வொரு பலகையாக. மெதுவாக, பழகாத கை ஓட்டுகிற மாதிரி. தையல்காரி தொண்டை கிழியக் கத்தினாள். லேப்காரியும் சேர்ந்து கத்தினாள். தூரத்தில் துறை தெரிந்தது. அதன் முனையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள்.

போனில் தங்கை சிரிப்பது கேட்டது.

"வரேன்க்கா, வரேன். அதுக்கு ஏன் ரெண்டு கையாலயும் கூப்பிடுறே?"