அணையாத மஞ்சள் விளக்கு

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பது.

ஒன்பதேகாலுக்குத் தமிழ்ப் பள்ளி. அம்மா லத்தீஃபா காரைக் கிளப்பினார். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை.

அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "ரிதா, நான் காரை உடைச்சிட்டேன்."

அம்மா லைசென்ஸ் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. மூன்று முறை தோற்று, நான்காவது முறை வாங்கியது. நேற்று நூலகத்தில் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கிவிட்டது.

"அது சின்ன பம்ப்தான்மா!"

"எனக்கு இது ஒத்துவராது. இனிமே அத்தாவே ஓட்டட்டும்."

அம்மா இறங்கிவிட்டார். ரிதாவுக்கு என்னவோ போல் இருந்தது. நேற்று சிக்னலில் நிற்கும்போதுகூட அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

ரிதாவின் அப்பா, அத்தா பசீர் அகமது, டீக் கோப்பையோடு வெளியே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அட, செக் இன்ஜின் லைட்! லத்தீஃபா, என் காரை என்ன பண்ணே?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. காரை அணைத்து, சாவியை அவர் கையில் வைத்தார்.

"வெயிட்!" என்றாள் ரிதா. காரின் கையேட்டை எடுத்தாள். வாங்கிய நாளிலிருந்து யாரும் பிரிக்காத புத்தகம். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அத்தா, லைட் பிளிங்க் ஆச்சா?"

"இல்லையே. விட்டு விட்டு எரியலை, சும்மா எரிஞ்சுது."

"பிளிங்க் ஆனாதான் உடனே நிறுத்தணுமாம். இல்லைன்னா முதல்ல பெட்ரோல் மூடியைப் பாக்கணுமாம்."

"மூடிக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?"

"பெட்ரோல் ஆவி வெளியே போனா கார் கண்டுபிடிச்சு லைட்டைப் போட்டுடுமாம்."

மூவரும் காரின் பின்பக்கம் போனார்கள். ரிதா சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே மூடி, கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடைசியா பெட்ரோல் போட்டது யாரு?"

அத்தா டீயைப் பார்த்தார். அவர்கள் இருக்கும் நியூ ஜெர்சியில் யாரும் தானே பெட்ரோல் போடக் கூடாது என்பது சட்டம். பங்க்கில் ஆள் வந்து போட்டு, மூடியையும் மூடிவிடுவார். காரைவிட்டு இறங்கவே வேண்டாம்.

"புதன்கிழமை பென்சில்வேனியா போனேன்ல... அந்த ஸ்டேட்ல நாமளேதான் போட்டுக்கணும். நானேதான் போட்டேன்."

"போட்டுட்டு?"

"வழக்கம்போல ஏறி உக்காந்துட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மூடி வைக்க ஆள் வரும்னு இருந்தீங்களாக்கும்!"

ரிதா மூடியைத் திருகினாள். 'க்ளிக்' என்றது. அத்தா காரைக் கிளப்பினார். விளக்கு அப்போதும் எரிந்தது.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "பாத்தியா?"

"உடனே அணையாதும்மா. சில தடவை ஓட்டினா தானா போயிடும்னு போட்டிருக்கு." ரிதா பக்கத்தைக் காட்டினாள். "ஓட்டினாத்தான் போகும். நீ ஓட்டும்மா."

அம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அத்தாவை இறங்கச் சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடிகளைச் சரிசெய்தார். ரிதா பக்கத்தில் ஓடி ஏற, பின்னால் போகச் சொன்னார்.

அத்தா முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"என்னங்க, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்கும் அப்படி ஓட்டு, இப்படி ஓட்டுன்னு சொல்லாம, வாயைத் திறக்காம வருவீங்களா?"