பதிலியின் பாதித் தேநீர்

மாலை ஐந்து மணிக்கு வரும் நாட்சுருக்கத்துக்காகச் சுடர்விழி நாலரைக்கே கைபேசியை எடுத்து வைத்துக்கொள்வாள். சிறுசேரியில் ஒன்பதாம் மாடி அலுவலகத்தில் அவளுடைய பதிலி அன்றைக்கு என்னென்ன செய்தது என்று சொல்லும் குறிப்பு அது. அவள் இருப்பதோ விழுப்புரத்தில், தனி வீட்டில், சாப்பாட்டு மேசையையே ஆபீஸ் மேசையாக்கிக்கொண்டு.

"இருப்பு: எட்டு மணி நேரம். பேச்சு: நாற்பத்திரண்டு நிமிடம். சிரிப்பு: பதினொன்று. தேநீர்: ஒன் பை டூ, ஆன்ட்டோவுடன்."

பதினொரு தடவை சிரித்திருக்கிறது. தான் கடைசியாக எப்போது சிரித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கியதுதான் மிச்சம்.

வீட்டிலிருந்து வேலையா, ஆபீசுக்கு வந்து வேலையா என்று ஊர் உலகமே பத்து வருஷம் மல்லுக்கட்டியது. கடைசியில் விஞ்ஞானம் புகுந்து செய்து வைத்த சமரசம்தான் பதிலி. முதலாளிகளுக்கு நாற்காலிகள் நிரம்ப வேண்டும், ஊழியர்களுக்கு வீட்டை விட்டு நகரக் கூடாது. சரி, உன்னைப் போலவே முகமும் குரலும் கொண்ட பொம்மை ஒன்றை அனுப்பிவிடு என்று முடிவாயிற்று. கப்பல் சரக்குப் பெட்டிகளுக்கு வழித்தடம் போடும் வேலையைச் சுடர்விழி விழுப்புரத்தில் பார்த்தாள். வணக்கம் சொல்வது, அரட்டை அடிப்பது, பிறந்தநாள் கேக் வெட்டும்போது கைதட்டுவது எல்லாம் சிறுசேரியில் பதிலி பார்த்துக்கொண்டது. இதில் யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பதிலிக்குத் தன் சுபாவத்தைப் புகட்ட, முதலில் மூன்று மாதம் நீல நிறக் கைப்பட்டை ஒன்றை ஆள் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். பேச்சு, கிண்டல், கோபம் எல்லாவற்றையும் பட்டை படித்துக்கொள்ளும். பிறகு அதைக் கழற்றிப் பதிலியின் மணிக்கட்டில் மாட்டினால் போதும். சுடர்விழி அதைக் கட்டியிருந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆபீசை விட்டு வந்த புதிதில். அப்போது அவள் வாயை மூடவே மாட்டாள்.

ஆன்ட்டோ அடுத்த இருக்கை. தூத்துக்குடிக்காரன் என்பதைத் தவிர அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. எட்டு மாதமாக அவன் பெயர் தினமும் சுருக்கத்தில் வந்தது. அவளுடைய பதிலியும் அவனுடைய பதிலியும் அப்படி என்னதான் பேசிக்கொள்கின்றன? பதிலிக்கு வயிறே கிடையாது. இரண்டு பொம்மைகள் ஒரு டீயை வாங்கி, இரண்டு கிளாசில் பாதிப் பாதியாக ஊற்றி வைத்துக்கொண்டு என்ன செய்யும்? முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் வயிற்றெரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் போய், அந்த டீக்காக மனசு ஏங்கத் தொடங்கிவிட்டது. தன் பெயரில் நடக்கும் அந்தப் பதினொரு சிரிப்பில் ஒன்றாவது தனக்கு வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை காலை ரயில் ஏறிவிட்டாள்.

நேரில் வருகிறவர்களை ஒன்பதாம் மாடியில் விடுவதில்லை. மெய்யாட்களோடு கலந்தால் பதிலிகள் குழம்பிவிடுமாம். அவர்களுக்கென்று நாலாம் மாடி. எனவே அவள் நேராகப் பதிலிகளைச் சார்ஜ் ஏற்றி வைக்கும் தரைக்கீழ்த் தளத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்தவர் சூசைமேரி.

"ஒரு நாள் அது இடத்துல நான் உட்காந்துக்கறேன்க்கா. பட்டையை மட்டும் குடுங்க."

"கட்டிக்கிட்டா அது உங்கள படிக்க ஆரம்பிச்சிடும்மா. மொதத் தடவைக்குத்தான் மூணு மாசம், அப்புறம் ஒரு நாளே போதும். அதுல ஒருத்திக்குத்தான் எடம். பாத்துக்கோங்க."

"ஏற்கெனவே என்னைப் படிச்சதுதானே. அதையே திரும்பப் படிச்சா என்ன கெட்டுப் போச்சு?"

சூசைமேரி தோளைக் குலுக்கிவிட்டுப் பட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

ஒன்பதாம் மாடியில் ஒரே சந்தைக்கடை. பதிலிகள் நேற்றைய கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நாலைந்து பேர் வந்து அவளிடம் ஏதேதோ கேட்டார்கள். அவள் "ம்" என்றாள். "பரவாயில்லை" என்றாள். ஆறு வருஷத்தில் அவளுக்கு அந்த இரண்டு சொல்தான் பழகியிருந்தது.

பதினொரு மணிக்கு அடுத்த நாற்காலி திரும்பியது.

"என்ன சுடரு, மொகம் வாடிக் கெடக்கு? எந்திரி, ஒன் பை டூ போட்டுட்டு வருவோம்."

சுடரு. அவளை அப்படிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, நல்லவேளை அவன் முன்னால் நடந்தான்.

கேன்டீன் மூலையில் அவன் டீயை இரண்டு கிளாசில் பிரித்து ஒன்றை அவளிடம் நீட்டினான். இஞ்சி வாசனை தூக்கியது. அவள் எதையும் யோசிக்கவில்லை. நாலு மடக்கில் குடித்து முடித்துவிட்டாள்.

ஆன்ட்டோ காலிக் கிளாசையே பார்த்தான். "நீங்க குடிச்சிட்டீங்க."

நீ என்பது நீங்க ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் எட்டு மாத உறவு கைநழுவிப் போனதை அவள் உணர்ந்தாள். அப்போதுதான் அவன் கிளாசும் கண்ணில் பட்டது. அதிலும் டீ இல்லை.

"நீங்களும்தானே குடிச்சிருக்கீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எட்டு மாசமா நான்தாங்க வாரேன். வீட்டுல ஒத்தையில கெடக்க முடியல. நாலாம் மாடிக்குப் போயிப் பாத்தேன். மொத்தமே மூணு பேரு, மூணு பேரும் காதுல மாட்டிக்கிட்டு நிமிந்தே பாக்கல. அதான் என் பதிலி பட்டைய நான் கட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன். இங்கதான் மனுசங்க மாதிரி பேசுதாங்க."

"என் பதிலிக்கு நீங்க நிஜ ஆளுன்னு தெரியுமா?"

"மொத நாளே கண்டுபிடிச்சிட்டா. யார்ட்டயும் மூச்சு விடல. தன் பாதிய என் பக்கம் தள்ளி, 'எனக்கும் சேத்து நீயே குடி'ன்னா." சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது.

அந்த மலர்ச்சி தனக்கு வந்ததில்லை என்பது சுடர்விழிக்கு உறைத்தது. "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"ரெண்டு தடவ போட்டேன். எடுத்ததும் 'வேலை விஷயமா?'ன்னு கேட்டீங்க. இல்லன்னேன். அப்ப மெசேஜ் போட்டுடுங்கன்னு வச்சிட்டீங்க."

அவளுக்கு ஞாபகம் வந்தது. கோபத்தில் வைத்ததில்லை. யாரோடும் பேசாமல் இருந்து இருந்து, பேச்சு என்றால் ஏதாவது காரணம் இருக்க வேண்டும் என்று ஆகிப்போயிருந்தது.

"அவ பேசறதெல்லாம் என் பேச்சுதாங்க," என்றாள்.

"தெரியும். அதனாலதான் போன் போட்டேன்."

மத்தியானம் முழுக்க அவள் முயன்று பார்த்தாள். தொண்டைவரை வந்த கிண்டல் அங்கேயே நின்றது. வெயிலைப் பற்றிச் சொன்னாள். கொழும்புப் பெட்டி தாமதமானதைப் பற்றிச் சொன்னாள். அவனும் மரியாதையாகப் பதில் சொன்னான். ஐந்து மணிக்கு எழுந்தபோது அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நாளைக்கு அவ வருவாளா?"

"அனுப்பறேங்க," என்றாள். தன்னைத் தேடி ஒருவன் காத்திருக்கிறான், ஆனால் அவன் தேடுவது தன்னை இல்லை.

கீழ்த்தளத்தில் பட்டையைப் பதிலியின் கையில் திரும்ப மாட்டினாள். அது கண் திறந்தது. அவளைப் பார்த்தது. நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டது. தூக்கக் கலக்கம் போல என்று நினைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள்.

மறுநாள் வழித்தடங்களில் மனம் ஒட்டவில்லை. நாலு மணிக்கே கைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். இன்றைக்கு அவன் பதிலியிடம் சுடர்விழியைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பானா? நேற்று வந்தவள் பாவம், நல்லவதான் என்று ஒரு வார்த்தையாவது? ஐந்துக்குச் சுருக்கம் வந்தது.

"இருப்பு: எட்டு மணி நேரம். பேச்சு: இரண்டு நிமிடம். சிரிப்பு: இல்லை. தேநீர்: ஆன்ட்டோ அழைத்தார். 'வேலை விஷயமா?' என்று கேட்டு மறுக்கப்பட்டது."

இரண்டாவது தடவை படித்தபோது சூசைமேரி சொன்னது காதில் விழுந்தது. பட்டையில் ஒருத்திக்குத்தான் இடம். ஒரே பகலில், ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசாமல், அந்தப் பழைய ஒருத்தியை அவள் வெளியே தள்ளிவிட்டிருந்தாள்.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்க. வேலை விஷயமா?"

குரலில் குத்தல் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

"இல்லைங்க," என்றாள்.

அவன் வைத்துவிடாமல் காத்திருந்தான். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒருத்தி முந்தாநாள்வரை ஒன்பதாம் மாடியில் இருந்தாள்.