வரிசையில் பதின்மூன்று இடம்

சண்டை ஓய்ந்திருந்த 2003ஆம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்பில் பன்னிரண்டு பேர்.

அந்தப் பன்னிரண்டு பேரும் எத்தனை விதமாக வரிசையில் நிற்கலாம்? கணிதக் கண்காட்சிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி அதுதான்.

இருவருக்கு இரண்டு விதம். மூவருக்கு ஆறு. நால்வருக்கு இருபத்துநான்கு. அதுவரை முற்றத்தில் மாறி மாறி நின்றே பார்த்தார்கள். அதற்கு மேல் நின்று பார்க்க முடியவில்லை; பெருக்கினார்கள். வந்த விடையை அவர்களாலேயே நம்ப முடியவில்லை.

479001600.

நாற்பத்தேழு கோடிக்கும் மேல்! அவர்களில் ஒருவனான தயாபரன் அதை நீளமான அட்டையில் சிவப்பு வர்ணத்தால் அழகாக எழுதினான்.

கண்காட்சிக்கு முதல் நாள் வகுப்புக்கு அன்ரனிட்டா புதிதாக வந்து சேர்ந்தாள். இடம்பெயர்ந்து மன்னாரில் இருந்த அவளுடைய குடும்பம் அந்த வாரம்தான் ஊர் திரும்பியிருந்தது.

இப்போது பதின்மூன்று பேர். எழுதிய எண் பிழையாகிவிட்டது. பட்ட பாடெல்லாம் வீண் என்று தயாபரன் முணுமுணுத்தது அன்ரனிட்டாவின் காதிலும் விழுந்தது.

"நான் நாளைக்கு வராமல் நிக்கிறன்," என்றாள் அவள் மெதுவாக. "அப்ப உங்கட எண் சரிதானே."

அதே வகுப்பில் படித்த மேரிசுகந்திக்கு மனம் கேட்கவில்லை. எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துப்போய் வரிசையாக நிற்கவைத்தாள். தானும் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

"இந்த வரிசையில நீர் எங்கையெல்லாம் நிக்கலாம் எண்டு பாரும்."

அன்ரனிட்டா தயங்கித் தயங்கி முன்னால் போய் நின்றாள். பிறகு முதலாமவனுக்கும் இரண்டாமவளுக்கும் நடுவில். அவள் வரவர ஒவ்வொருவரும் விலகி இடம் விட்டார்கள். தயாபரனும் விலகினான். கடைசியாக மேரிசுகந்திக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"பதின்மூண்டு இடம்," என்றாள் அன்ரனிட்டா.

"ஓம். நாங்கள் எப்பிடி மாறி நிண்டாலும் உமக்குப் பதின்மூண்டு இடம் இருக்கு."

அன்ரனிட்டா சற்று யோசித்தாள். "அப்ப முதல்ல இருந்து செய்யத் தேவையில்லை. உங்கட எண்ணைப் பதின்மூண்டால பெருக்கினால் போதும்."

ஒரு குச்சியை எடுத்து மணலிலேயே பெருக்கினாள். 6227020800. எல்லோரும் குனிந்து சரிபார்த்தார்கள். அறுநூறு கோடியையும் தாண்டிவிட்டது. ஒரேயொரு ஆள் வந்ததற்கு இவ்வளவா என்று வியந்தார்கள்.

தயாபரன் உள்ளே போய் அட்டையை எடுத்துவந்தான். அதைத் திருப்பி வைத்து, தூரிகையை அன்ரனிட்டாவிடம் நீட்டினான். "நீரே எழுதும்."

அவள் கடைசிப் பூச்சியத்துக்கு வந்தபோது அவன் வாசல் படலைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நாளை வரைக்கும் இனி ஒருத்தரும் வராட்டில் நல்லது. அட்டைக்கு இரண்டு பக்கம்தான் இருக்கு."

அன்ரனிட்டா சிரித்துவிட்டாள். கை ஆடிப் பூச்சியம் கொஞ்சம் கோணலாகிப்போனது. அதைத் திருத்தச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.